நாற்பது பின் இருந்தால் போதுமா? ராஸ்பெரி பை மாதிரிகளும் விரிவாக்க அட்டைகளும்

டெல்டா மாவட்ட வாசகர்களிடமிருந்து ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு ஒற்றைப் பலகைக் கணினி பற்றி வரும் கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். பம்புசெட் கொட்டகையில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே இயக்க ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) அட்டையை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு எந்தப் பையை வாங்குவது என்று கேட்பவர்கள் முதல் வகை. ஆய்வுக்கூடத்தில் பை 3 பலகைகளும் அவற்றுக்கென்று சேர்த்த அட்டைகளும் இருக்கையில், இந்த ஆண்டு நிதியில் பை 5 வாங்கினால் அந்த அட்டைகள் பயன்படுமா என்று கேட்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்கள் இரண்டாம் வகை. வீட்டிலோ கடையிலோ ஒரு சிறு கணினியாகவும், படங்களையும் கணக்குகளையும் சேமிக்கும் பெட்டியாகவும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எல்லாவற்றிலும் நாற்பது பின்தான் சார், எது வேண்டுமானாலும் உட்காரும்."

அவர் சொல்வது பொய்யில்லை. 2014 ஜூலையில் வந்த பி+ மாதிரி முதல் இன்று வரை முழு அளவுப் பைகள் அனைத்திலும், அட்டையை மாட்டும் நாற்பது பின்களின் (உலோக முனைகளின்) வரிசை மாறவே இல்லை. ஆனால் அட்டை உட்காருவது வேறு, அது வேலை செய்வது வேறு. உட்கார்ந்த அட்டைக்குப் போதிய மின்சாரம் வராமல் போகலாம்; அட்டையுடன் வந்த நிரல் புதிய பலகையில் ஓடாமல் போகலாம்; அட்டையின் ஒரு மூலையில் இருக்கும் கூடுதல் இணைப்பு புதிய பலகையில் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். ஆகவே எந்தப் பை சிறந்தது என்று தொடங்காமல், எந்த அட்டையைப் பயன்படுத்தப் போகிறோம் என்று தொடங்குவதே சரி என்பது என் கருத்து. பலகையை அட்டைக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பவருக்குச் செலவு குறையும். பலகையை முதலில் வாங்கிவிட்டு அட்டையைத் தேடுபவர் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்வார்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் இடம். ஹேட் எனப்படும் முறையான விரிவாக்க அட்டையின் அளவு 65 மில்லிமீட்டருக்கு 56.5 மில்லிமீட்டர் என்றும், நான்கு மூலைகளிலும் திருகுத் துளைகள் இருக்க வேண்டும் என்றும் 2014-இல் வெளியிடப்பட்ட விதிமுறை சொல்கிறது. அட்டையில் ஒரு சிறு நினைவகச் சில்லும் இருக்க வேண்டும். 27, 28 ஆகிய இரு பின்கள் வழியாகப் பை அதைப் படித்து, வந்திருப்பது எந்த அட்டை என்று அறிந்து, அதற்கான அமைப்பைத் தானே ஏற்றிக்கொள்ளும். மலிவு விலையில் ஹேட் என்ற பெயரோடு விற்கப்படும் அட்டைகள் பலவற்றில் இந்தச் சில்லு இருப்பதில்லை. அவை வேலை செய்யாது என்று பொருளில்லை. அமைப்புக் கோப்பில் வரிகளை நாமே எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது அளவுகோல் மின்சாரம். நம் பகுதியில் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அட்டை தன் மின்சாரத்தைப் பையின் 5 வோல்ட் பின்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பையோ அதை மின்வழங்கியிலிருந்து பெறுகிறது. சாதாரண 5 வோல்ட் ரிலே ஒன்றின் காயில் (கம்பிச் சுருள்) 70 முதல் 90 மில்லிஆம்பியர் வரை எடுக்கும். எட்டு ரிலே உள்ள அட்டையில் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கினால் அதற்கு மட்டுமே 560 முதல் 720 மில்லிஆம்பியர் வரை போய்விடும். 4ஜி சிம் அட்டை போடும் மோடம் சராசரியாகக் குறைவாக எடுத்தாலும், கோபுரத்தைத் தேடும் நொடிகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கோபுரம் தொலைவில் இருக்கும் ஊரில் அந்த நொடிகள் அடிக்கடி வரும். கைப்பேசி சார்ஜரை மாட்டி ஓட்டினால் 5 வோல்ட் என்பது 4.6 வோல்ட்டாக இறங்கி, பை நடுவில் நின்று, மெமரி கார்டும் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அட்டை சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பொருள்களில் பல உண்மையில் நல்ல அட்டைகளே; மின்வழங்கிதான் பலவீனமானது.

மூன்றாவது, மென்பொருள். அட்டை தயாரித்தவர் எந்த ஆண்டில் எந்த நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) நம்பி நிரல் எழுதினார் என்பது பலகையைப் போலவே முக்கியம். நான்காவது, பின் மோதல். ஒரே பையில் இரண்டு அட்டைகளை அடுக்க நினைப்பவர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். நேரம் காட்டும் டிஎஸ்3231 சில்லுக்கும், அசைவை அளக்கும் எம்பியூ6050 உணரிக்கும் ஐ2சி தடத்தில் (இரண்டு கம்பிகளில் பல சில்லுகள் பேசும் வழி) முகவரி ஒன்றே, பதினாறடிமான எண்ணில் 68. இரண்டையும் ஒரே தடத்தில் வைத்தால், உணரியின் முகவரிப் பின்னை மாற்றிக் கொடுக்காதவரை எதுவும் ஒழுங்காகப் பேசாது.

ஐந்தாவது, நம் சூழல். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக் கொட்டகைக்குள் இருக்கும் வெப்பம், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரில் கசியும் ஈரம், வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் உப்புக் காற்று, எப்போது போய் எப்போது வரும் என்று சொல்ல முடியாத மின்சாரம் ஆகியவற்றைப் பலகையின் விளம்பரத் தாளில் தேடினால் கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| மாதிரி | வந்த ஆண்டு | மின்வழங்கி | முழு அளவு அட்டை உட்காரும் விதம் | தனிக் கவனம் |
|---|---|---|---|---|
| 3பி+ | 2018 | 5 வோல்ட், 2.5 ஆம்பியர் | நேராக, நான்கு திருகுகளுடன் | நினைவகம் 1 ஜிபி மட்டும் |
| 4பி | 2019 | 5 வோல்ட், 3 ஆம்பியர் | நேராக, நான்கு திருகுகளுடன் | விசிறி வைத்தால் உயரம் பார்க்க வேண்டும் |
| 5 | 2023 | 5 வோல்ட், 5 ஆம்பியர் | நேராக. குளிர்விப்பான் இருந்தால் உயரமான தாங்கிகள் தேவை | பழைய நிரல்கள், பிஓஇ (பிணைய வடம் வழி மின்சாரம்) இடமாற்றம் |
| ஜீரோ 2 டபிள்யூ | 2021 | 5 வோல்ட், 2.5 ஆம்பியர் | இரண்டு துளைகள் மட்டும் பொருந்தும் | பின்களைப் பற்றவைக்க வேண்டும் |
| 400 | 2020 | 5 வோல்ட், 3 ஆம்பியர் | பின்பக்கம் செங்குத்தாக | நீட்டிப்பு வடம் தேவை |
| 500 | 2024 | 5 வோல்ட், 5 ஆம்பியர் | பின்பக்கம் செங்குத்தாக | பை 5-இன் நிரல் சிக்கல்கள் இதிலும் உண்டு |

## பை 4: கொட்டகைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும்

கையில் அட்டை இருக்கிறது, அது 2015-க்கும் 2022-க்கும் இடையில் வடிவமைக்கப்பட்டது என்றால், வேறு யோசனை இல்லாமல் பை 4 வாங்கலாம். அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட அட்டை நிரல்களில் மிகப் பெரும்பாலானவை ஆர்பிஐ.ஜிபிஐஓ என்ற பைத்தான் நூலகத்தையோ பிக்ஜிபிஐஓ என்ற நூலகத்தையோ நம்பியவை. இரண்டும் பை 4-இல் ஓடுகின்றன. பை 3-க்கு வாங்கிய அட்டைகள் அப்படியே இதில் உட்காரும். 3பி+ மாதிரியில் முதலில் வந்த, பிணைய வடம் வழியாகவே மின்சாரம் பெற உதவும் நான்கு பின் பிஓஇ இணைப்பும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அட்டை அளவில் 3-இலிருந்து 4-க்குப் போகிறவருக்கு இடையூறு ஏறத்தாழ இல்லை. பெட்டியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும்: யூஎஸ்பி, பிணைய வாய்கள் இடம் மாறியதாலும், திரைக்கான வாய் இரண்டு மைக்ரோ வாய்களாக மாறியதாலும் பை 3-இன் பெட்டி இதற்குப் பொருந்தாது.

இதன் மறைமுகச் செலவுகள் இரண்டு. பை 3, பை 4 இரண்டிலும் நேரத்தைக் காத்து வைக்கும் கடிகாரம் கிடையாது. இணையம் இருக்கும் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. மின்சாரம் போய், கோபுரமும் போய், பிறகு மின்சாரம் மட்டும் திரும்பும் கிராமத்தில் பை விழித்தெழுந்து பழைய நேரத்தையே நம்பும். காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டிய மோட்டார் நண்பகல் வரை ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவின் தெற்குப் பகுதியில் மின்சாரம் பல நாள் திரும்பவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இதை அரிய நிகழ்வு என்று ஒதுக்க முடியாது. டிஎஸ்3231 கடிகார அட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் அதற்கு ஐ2சி தடமும் கொஞ்சம் இடமும் வேண்டும். இரண்டாவது செலவு வெப்பம். பை 4-இன் சில்லு 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். அட்டை சில்லின் மேலேயே மூடி உட்காருவதால் காற்றுக்கும் வழி குறைகிறது. அலுமினியத் தகடு ஒட்டி, அட்டையை உயரமான தாங்கிகளின் மேல் நிறுத்துவது போதும். கொட்டகையில் விசிறி வைத்தால் தூசியும் பூச்சியும் உள்ளே வந்து சேரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ரிலே அட்டை பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அதற்காகத்தான் பலர் பை 4-ஐத் தேடுகிறார்கள். அட்டையின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மும்முனை மோட்டாரின் வயரை நேரே ரிலேயில் மாட்டிவிடக் கூடாது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சிறு ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்தவே முடியாது. ரிலேயின் வேலை ஸ்டார்ட்டரின் காயிலை இயக்குவது மட்டுமே. அந்தக் காயிலும் பல பழைய ஸ்டார்ட்டர்களில் 415 வோல்ட்டுக்கு உரியது. அப்படியிருந்தால் 230 வோல்ட் காயில் கொண்ட ஓர் இடைக் கான்டாக்டரை நடுவில் வைக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பின்னில் ரிலே இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பையில் 0 முதல் 8 வரையிலான ஜிபிஐஓ பின்கள் (நிரலால் இயக்கும் பின்கள்) மின்சாரம் வந்தவுடன் உயர்நிலையிலும், 9 முதல் 27 வரையிலானவை தாழ்நிலையிலும் இருக்கும். சந்தையில் கிடைக்கும் ரிலே பலகைகளில் பல, பின் தாழ்நிலைக்கு வந்தால் இயங்குபவை. இந்த இரண்டும் தவறாகச் சேர்ந்தால், மின்சாரம் திரும்பிய நொடியில், நிரல் ஏறுவதற்கு முன்பே, மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். அட்டையில் பின்களை மாற்றியமைக்கும் சிறு இணைப்பான்கள் இருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

பை 4 குறைந்தது 2034 ஜனவரி வரை உற்பத்தியில் இருக்கும் என்று தயாரிப்பாளர் அறிவித்திருப்பதால், இன்று அமைத்த ஒன்று நான்கு ஆண்டு கழித்துக் கெட்டாலும் அதே பலகையை வாங்கி மாட்டலாம். வயலில் நிற்கும் கருவிக்கு வேகத்தைவிட இதுவே பெரிய தகுதி.

## பை 5: திறன் அதிகம், நிபந்தனைகளும் அதிகம்

பை 5-இல் வேகம் கூடியது மட்டும் மாற்றமில்லை. அட்டைகளைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் உள்ளே நடந்தது. முன்பு நாற்பது பின்களும் முதன்மைச் சில்லிலிருந்தே நேரே வந்தன. இதில் அவை ஆர்பி1 என்ற தனிச் சில்லின் வழியாக வருகின்றன. பின்களின் வரிசை பழையதுதான், ஆனால் அவற்றை இயக்கும் வழி புதிது. சில்லின் பதிவகங்களை நேரே தொட்டு வேலை செய்த ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் இதில் இயங்காது; பிக்ஜிபிஐஓவும் இயங்காது. ஜிபிஐஓஜீரோ என்ற நூலகம் கீழே எல்ஜிபிஐஓவைப் பயன்படுத்தி இயங்குகிறது. பழைய நிரல்களை மாற்றாமல் ஓட்ட ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ என்ற மாற்று நூலகமும் உண்டு, ஆனால் நேரத்தைத் துல்லியமாக எண்ணும் நிரல்களில் அது பழையதைப் போலவே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கோயில் திருவிழாவுக்கு வண்ண விளக்குச் சரங்களை ஓட்டுபவர்கள் வழக்கமாக நம்பும் பழைய நூலகமும் பை 5-இல் பழைய முறையில் இயங்காது.

இன்னொரு சிறு பொறியும் உண்டு. வரிசைத் தொடர்பு (சீரியல்) வழியாகப் பேசும் அட்டைகள், எடுத்துக்காட்டாகச் சில 4ஜி மோடம்களும் சில லோரா (நெடுந்தூரத்துக்குச் சிறு செய்திகளை அனுப்பும் ரேடியோ) அட்டைகளும், 14, 15 என்ற ஜிபிஐஓ பின்களைப் பயன்படுத்துகின்றன. பழைய பைகளில் "முதல் வரிசைத் தொடர்பு" என்று கணினி கூப்பிடுவது இந்தப் பின்களையே. பை 5-இலோ அந்தப் பெயர், பலகையில் தனியாக இருக்கும் மூன்று பின் பிழைதிருத்த வாயைக் குறிக்கிறது. அட்டையோடு வந்த நிரல் பெயரை நம்பி எழுதப்பட்டிருந்தால், அது தவறான வாயில் காத்துக்கொண்டிருக்கும். ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். எந்த வரி என்று தெரியாதவருக்கு ஒரு வாரம் போகும்.

இயங்குதளத்திலும் பின்வாங்க வழியில்லை. புக்வார்ம் பதிப்புக்கு முந்தைய ராஸ்பெரி பை இயங்குதளம் பை 5-இல் ஏறாது. அட்டைத் தயாரிப்பாளர் 2020-இல் தயாரித்த மெமரி கார்டு உருவத்தை (இயங்குதளத்தின் முழுப் படியை) மட்டும் கொடுத்து, "இதைப் போட்டால் போதும்" என்று சொன்னால், அந்த அட்டையைப் பை 5-க்கு வாங்க வேண்டாம். குறிப்பாக, முதல் 26 பின்களில் உட்காரும் மூன்றரை அங்குல மலிவுத் திரைகளை இந்த வரிசையில் வையுங்கள். அவற்றில் பலவும் நம்பியிருந்த திரைப்படி எடுக்கும் பழைய முறை பை 5-இல் இல்லை.

மின்சாரக் கணக்கும் மாறுகிறது. 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 27 வாட் மின்வழங்கி கிடைத்தால்தான் யூஎஸ்பி வாய்களுக்கு மொத்தம் 1.6 ஆம்பியர் விடப்படும். 3 ஆம்பியர் மின்வழங்கியில் ஓட்டினால் அது 600 மில்லிஆம்பியராகக் குறைக்கப்படும். இங்கேதான் பேட்டரி அட்டைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மின்தடையைச் சமாளிக்க 18650 மின்கலம் வைத்த யூபிஎஸ் அட்டைகளை நம் பகுதியில் பலர் தேடுகிறார்கள். அவற்றில் பல பை 4-இன் 3 ஆம்பியரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மேலும், பின்களின் வழியாக மின்சாரம் ஏறும்போது மின்வழங்கியின் திறனைப் பை 5 கேட்டறிய வழியில்லாததால், போதிய மின்சாரம் இருந்தாலும் யூஎஸ்பியைக் கட்டுப்படுத்தியே வைக்கும். அமைப்பில் நாமே சொன்னால்தான் விடும். பை 5-க்கென்றே எழுதப்பட்ட யூபிஎஸ் அட்டை என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

2023 டிசம்பரில் வந்த ஹேட்+ என்ற புதிய அட்டை விதிமுறையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பை 5-ஐ அணைத்த பிறகும் 5 வோல்ட் பின்களில் மின்சாரம் இருக்கும், 3.3 வோல்ட்டை அணைக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத நிலையைப் பழைய அட்டைகளில் சில தாங்காது என்பதால், தொடக்க நிலையில் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்படி விடப்பட்டிருக்கிறது. அணைத்திருந்தும் பை ஒரு வாட்டுக்கு மேல் எடுப்பதற்கு இதுவே காரணம். இன்வெர்ட்டரில் ஓடும் அமைப்பில் இது இரவெல்லாம் வீணாகும் மின்சாரம். ஹேட்+ என்று குறிப்பிடப்பட்ட அட்டையானால் அந்த நிலையைத் தாங்க வேண்டும் என்பது விதி. எனவே அமைப்பை மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம்.

பிஓஇ அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: அந்த நான்கு பின்கள் பை 5-இல் வேறு மூலைக்குப் போய்விட்டன, எனவே 3பி+, 4பி மாதிரிகளுக்கான பிஓஇ அட்டை இதில் பொருந்தாது. கேமரா வாய்களும் 15 பின் கொண்ட பெரிய வாயிலிருந்து 22 பின் கொண்ட சிறிய வாயாக மாறிவிட்டதால் பழைய கேமராவுக்குப் புது வடம் வாங்க வேண்டும். காதொலி வாய் இல்லை. ஒலி வேண்டுமானால் ஒலி அட்டையோ யூஎஸ்பி வழியோதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பை 5 எங்கே தகும் என்றும் சொல்ல வேண்டும். முழு அளவுப் பைகளில் இதில்தான் முதன்முறையாக ஒற்றைத் தட பிசிஐஇ வாய் (அதிவேகச் சாதனங்களுக்கான இணைப்பு) பயனருக்குத் திறந்துவிடப்பட்டது. பை 4-இல் அந்தத் தடம் யூஎஸ்பி 3 சில்லுக்கே போய்விட்டது. 2024-இல் வந்த எம்.2 ஹேட்+ அட்டையைப் போட்டு, 2230 அல்லது 2242 அளவு எஸ்எஸ்டி சேமிப்பகத்தைச் சேர்த்தால், மெமரி கார்டை நம்பாத ஒரு சேமிப்புப் பெட்டி கிடைக்கும். தொடர்ந்து எழுதப்படும் மெமரி கார்டும் அடிக்கடி போகும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் கல்யாணப் படங்களைச் சேமிக்கவோ, ஒரு கடையின் கணக்குகளை நாள்தோறும் படியெடுக்கவோ இதைவிடச் சிக்கனமான வழி இந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனால் தடம் ஒன்றுதான். எஸ்எஸ்டி போட்ட இடத்தில் ஹெய்லோ செயற்கை அறிவு அட்டையையும் போட வேண்டுமானால் தடத்தைப் பிரிக்கும் வேறு அட்டை தேவைப்படும். கடிகாரமும் பலகையிலேயே உண்டு, மின்கலத்தை மட்டும் தனியாக வாங்க வேண்டும். மின்கலத்துக்கு மின்னேற்றும் வசதியை இயக்கினால் மின்னேற்றக்கூடிய வகை மின்கலத்தையே வையுங்கள். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சாதாரண வட்ட மின்கலத்தை மின்னேற்றுவது ஆபத்து.

எம்.2 அட்டையின் செலவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியீட்டின்போது அதன் விலை 12 டாலர்தான். 27 வாட் மின்வழங்கியும் 12 டாலர், குளிர்விப்பான் 5 டாலர். இவை மூன்றும் எஸ்எஸ்டியும் சேர்ந்ததுதான் பலகையின் உண்மையான விலை. நம் ஊருக்கு வரும்போது எல்லாமே கூடும்.

## 3பி+: கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்

புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன், ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருப்பதைத் தூக்கி எறியவும் சொல்ல மாட்டேன். அட்டைகளுக்கான பாடங்களுக்கு 1 ஜிபி நினைவகம் போதும். உலாவியைத் திறந்தால்தான் திணறும். 60 டிகிரியைத் தாண்டினாலே வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். மாணவர்கள் ரிலேயை இயக்கவும், நீர்மட்டம் அளக்கவும் கற்கும் வகுப்பில் அது யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஒரே ஆய்வுக்கூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் பை 3, பை 4 இரண்டையும் கலந்து வைக்கலாம், ஒரே மெமரி கார்டு உருவம் இரண்டிலும் ஓடும். பை 5-ஐயும் அவற்றோடு கலப்பதற்கு முன், எல்லாப் பாடநிரல்களையும் ஜிபிஐஓஜீரோவுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு எந்தப் பலகையானாலும் ஒன்றே.

## ஜீரோ 2 டபிள்யூ: ஒரு வேலைக்கு ஒரு பலகை

வாய்க்கால் மதகருகே நீர்மட்டத்தை அளந்து செய்தி அனுப்புவது போன்ற ஒற்றை வேலைக்கு இது போதும். சும்மா இருக்கும்போது ஏறத்தாழ ஒரு வாட்டுக்கும் குறைவாகவே எடுப்பதால், சிறு சூரியத் தகடும் மின்கலமும் வைத்து ஓட்டுவது இதில்தான் நடைமுறையில் சாத்தியம். நினைவகம் 512 எம்பி, வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், பிணைய வாய் இல்லை.

அட்டை விஷயத்தில் மூன்று செய்திகள். பலகை 65 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் என்பதால் முழு அளவு அட்டையில் ஏறத்தாழப் பாதி காற்றில் தொங்கும். இரண்டு திருகுகளே பொருந்தும். பின்கள் பற்றவைக்கப்படாமல் வரும் என்பதால், பற்றவைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள் அல்லது நல்ல கை உள்ள ஒருவரிடம் கொடுங்கள். கடலோரத்தில் வைப்பதானால், அட்டையை உருவிப் போடும்படி விடாமல் பற்றவைத்துவிட்டு, மேலே ஈரம் புகாத மின்சுற்றுப் பூச்சு அடிப்பதுதான் நீடிக்கும். உப்புக் காற்று முதலில் பிடிப்பது பின்னும் வாயும் சேரும் இடத்தையே.

இதனோடு லோரா அட்டை வைக்க நினைப்பவர்கள் அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 915 மெகாஹெர்ட்ஸ் அட்டை அமெரிக்கச் சந்தைக்கு உரியது. மலிவாகக் கிடைத்தாலும் இங்கே அதற்கு இடமில்லை.

## 400, 500: மேசைக்கு மட்டும்

விசைப்பலகைக்குள்ளேயே கணினி இருக்கும் இந்த மாதிரிகள் பள்ளி மாணவருக்கு ஏற்றவை. ஆனால் அட்டைகளுக்கு ஏற்றவை என்று சொல்ல முடியாது. நாற்பது பின்கள் பின்பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதால், நேரே மாட்டிய அட்டை செங்குத்தாக நின்று, முகத்தை நமக்கு எதிர்ப்புறம் திருப்பிக்கொள்ளும். அட்டையில் விளக்கோ திரையோ பொத்தானோ இருந்தால் அதைப் பார்ப்பதற்கு மேசையின் மறுபக்கம் போக வேண்டும். திருகு போட்டு நிறுத்தவும் இடமில்லை. நாற்பது கம்பி நீட்டிப்பு வடம் ஒன்றை வாங்கி, அட்டையை மேசையில் படுக்க வைப்பதே வழி. கேமரா, திரை, பிஓஇ ஆகியவற்றுக்கான உள்வாய்கள் இவற்றில் கிடையாது. 400-இன் உள்ளே இருப்பது பை 4-இன் வகைச் சில்லு என்பதால் பழைய அட்டை நிரல்கள் ஓடும். 500-இன் உள்ளே ஆர்பி1 இருப்பதால் பை 5-இல் சொன்ன நூலகச் சிக்கல்கள் அனைத்தும் இதிலும் உண்டு, எம்.2 அட்டையைப் போடும் வசதியோ வெளியே இல்லை. ஆகவே அட்டைகளோடு கற்க நினைக்கும் மாணவருக்கு, 400 இன்னும் கிடைக்குமானால், 500-ஐவிட அதுவே நல்லது.

## பழைய பலகைகளை வாங்க நினைப்பவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பயன்படுத்திய பலகைகள் மலிவாகக் கிடைக்கும்போது, பின்களை எண்ணிப் பாருங்கள். 2012-இல் வந்த முதல் பி, 2013-இல் வந்த முதல் ஏ மாதிரிகளில் 26 பின்களே உண்டு. அந்த 26-உம் இன்றைய நாற்பதில் முதல் 26-உம் ஒன்றே என்பதால், 26 பின் அட்டையைப் புதிய பலகையில் பெரும்பாலும் மாட்டலாம். அட்டையின் ஓரம் மற்றப் பின்களில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நாற்பது பின் அட்டையைப் பழைய பலகையில் மாட்ட இயலாது. முதல் பி மாதிரியின் முதற்பதிப்பில் ஐ2சி தடத்தின் எண் 0, பிந்தையவற்றில் 1. எனவே அதற்காக எழுதிய நிரல் அட்டையைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னால், முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். விற்பவரிடம் பலகையின் மாதிரிப் பெயரைக் கேட்டால் மட்டும் போதாது. பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மின்வழங்கி சேர்த்துத் தருகிறாரா, அதில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள்.